மூலைச் செட்டி வாங்குவதற்கு முன் பின்சுவரைப் பாருங்கள்

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். நான்கு வயதில் ஒரு மகன். கூடவே மாமியார், கொழுந்து பறித்தே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். லயன் காம்பராவில் இருந்த குடும்பம் சென்ற வருடம் வீட்டுத் திட்டத்தில் கிடைத்த தனி வீட்டுக்கு வந்திருக்கிறது. 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. ஒரு ஹோல், இரண்டு படுக்கையறை, குசினி, குளியலறை.

வீட்டை ‘மொடர்ன் ஸ்டைலில்’ மாற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. பேஸ்புக்கில் பார்த்த படங்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். ஹோலுக்கு ஒரு மூலைச் செட்டி (L வடிவ சோபா), ஆறு பேர் இருக்கும் சாப்பாட்டு மேசை, படுக்கையறைக்கு மூன்று கதவு மெலமைன் அலுமாரி. சுவருக்குச் சாம்பல் நிறம். ஈரம் தெரிகிற பின்சுவரை மறைக்க, செங்கல் மாதிரித் தெரியும் ஸ்பொன்ஜ் ஸ்டிக்கர். முடிந்தால் ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் உள்ள சுவரை உடைத்துத் திறந்த குசினி. செட்டியின் விலை கைக்காசுக்கு 185,000 ரூபா. தவணைக்கு மாதம் 19,500 வீதம் பன்னிரண்டு மாதம். மாமியாரோ பழைய மர அலுமாரியையும் கைபிடி வைத்த இரண்டு கதிரைகளையும் ஒரு நீள வாங்கையும் விடமாட்டேன் என்கிறார். அலுமாரியும் கதிரைகளும் துரை பங்களாவில் சாமான் ஏலம் போட்டபோது மாமனார் எடுத்தவை. “வீடு புதுசு, உள்ளே எல்லாம் பழசு. யாராவது வந்தால் உட்காரச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எதை வாங்குவது, எதை விடுவது, மாமியாரை எப்படிச் சமாளிப்பது?” என்று கேட்கிறார். காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை என்பதையும் கடைசி வரியில் சொல்லியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த வெட்கத்தைப் பற்றி. சமையல், படுக்கை, சாமிப்படம், பிள்ளையின் படிப்பு எல்லாம் ஒரே காம்பராவுக்குள் நடந்த வாழ்க்கையிலிருந்து வந்திருக்கிறீர்கள். இப்போது சொந்தமாக ஒரு ஹோல் இருக்கிறது, அது அழகாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். இதில் வீண் ஆடம்பரம் எதுவும் இல்லை. அழகான இடத்தில் இருக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அதனால் ‘இருப்பதை வைத்துச் சமாளியுங்கள்’ என்று சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களில் உள்ள வீடுகள் வேறு காற்றில், வேறு அளவில் கட்டப்பட்டவை. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்தில், தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை நேராக வந்து அடிக்கும் மேற்குச் சரிவில் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை உங்கள் வீட்டுக்குள் என்ன நிலைமை என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். துவைத்த துணியே காயாத வீட்டில், ஈரத்தை உறிஞ்சும் பொருள் எதை வைத்தாலும் அது கெடும். மலையகத்தில் ஒரு தளபாடத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது ஜூலை மாதத்தைத் தாங்குமா என்பதுதான். நிறமும் ஸ்டைலும் அதற்கு அப்புறம்.

வெண்கட்டியால் ஒரு செட்டி

உங்கள் ஹோல் 11 அடிக்கு 10 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நான்கு கதவு வழிகள்: வாசல், இரண்டு படுக்கையறை, குசினி. அதாவது அது உட்காரும் அறை மட்டுமல்ல, வீட்டின் நடைபாதையும் அதுதான். மூலைச் செட்டி ஒரு பக்கம் 8 அடி, மறுபக்கம் ஆறரை அடி, ஆழம் 3 அடி என்கிறீர்கள். கணக்குப் பார்த்தால் 34 சதுர அடிக்கு மேல் அதற்கே போய்விடும். ஹோலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் ஆறு பேர் மேசை என்றால், மேசை 3 அடி அகலம், இரண்டு பக்கமும் கதிரையை இழுத்து உட்கார இரண்டரை இரண்டரை அடி, ஆக 8 அடி வேண்டும். இரண்டும் சேர்ந்தால் உங்கள் மகன் படுக்கையறையிலிருந்து குசினிக்கு ஓட வழி இல்லை.

என் கணக்கை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். நீங்கள் ஆசிரியை, வீட்டில் வெண்கட்டி இருக்கும். ஹோல் தரையில் அந்தச் செட்டியைச் சரியான அளவில் கோடு போட்டு வரையுங்கள். மேசையையும், கதிரையை இழுத்த நிலையில், வரையுங்கள். ஒரு வாரம் அந்தக் கோடுகளை மிதிக்காமல் நடந்து பாருங்கள். கையில் சாப்பாட்டுத் தட்டோடு, தண்ணீர் வாளியோடு, மகனைத் தூக்கிக்கொண்டு. நடக்கும் வழி எங்கும் இரண்டரை அடிக்குக் குறையக் கூடாது. செட்டிக்கும் நடுவில் வைக்கும் சின்ன மேசைக்கும் இடையில் ஒன்றரை அடி போதும். வாசல் கதவின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். லொறியில் வந்து இறங்கிய செட்டி வாசலில் சிக்கி, மழையில் இஸ்தோப்பிலேயே கிடந்து பழுதான வீடுகள் உண்டு.

இந்த ஹோலுக்கு நான் வைப்பது இவை: மரச் சட்டத்தில் கழற்றிக் காயவைக்கக்கூடிய குஷன் போட்ட இரண்டு பேர் செட்டி ஒன்று, அகலம் நான்கரை அடிக்குள். மாமியாரின் கைபிடிக் கதிரைகள் இரண்டும் அதற்கு எதிரில். சாப்பிடுவதற்கு 4 அடிக்கு இரண்டரை அடி மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வெளிப்பக்கம் அந்தப் பழைய வாங்கு. சாப்பிட்டு முடிந்ததும் வாங்கு மேசைக்குள் போய்விடும். தீபாவளிக்கு ஆட்கள் வந்தால் மேசையை நடுவுக்கு இழுத்தால் ஆறு பேர் இருக்கலாம். மற்ற நாளில் மகன் அதிலேயே இருந்து எழுதலாம்.

செட்டிக்குக் கழற்றக்கூடிய குஷன் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூலைச் செட்டியின் ஸ்பொன்ஜ் உள்ளே ஆணியடித்து மூடப்பட்டிருக்கும். அது ஒருமுறை பூஞ்சணம் பிடித்துவிட்டால் வெயிலில் போட வழியில்லை. அந்த வாசனை பிறகு போகாது. பிள்ளைக்கு இழுப்பு, சளி இருந்தால் இன்னும் கஷ்டம்.

ஈரச் சுவருக்கு ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்

நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான். ஸ்டிக்கர் ஈரத்தை நிறுத்தாது, கண்ணிலிருந்து மறைக்கும், அவ்வளவுதான். சுவர் மூச்சு விட முடியாமல் போய், அதன் பின்னால் பூஞ்சணம் வசதியாக வளரும். ஒட்டியதை உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். அது எளிதில் தீப்பிடிக்கும் பொருளும்கூட. விறகடுப்பு எரியும் வீட்டில் அதை நான் எங்கும் ஒட்ட விடமாட்டேன்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சுவரின் மேல்பகுதியில் இருந்தால் கூரை அல்லது பீலி. கீழிருந்து ஓரிரு அடி உயரத்துக்குக் கோடு போட்டதுபோல் இருந்தால் மண். மலையை வெட்டிக் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் பின்பக்க மண் மழைக்குச் சரிந்து சுவரோடு சேர்ந்திருக்கும். வெளியே போய்ப் பாருங்கள். வீட்டுத் தரை மட்டத்தை விட வெளி மண் ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். பின்பக்கக் கான் அடைத்திருந்தால் சுத்தம் செய்து, தண்ணீர் ஓடுகிறதா என்று மழையில் நின்று பாருங்கள். ஆனால் சரிந்த மண்ணை எடுக்கிறோம் என்று மண்மேட்டின் அடியைத் தோண்டி விடாதீர்கள். மேட்டில் வெடிப்போ, புதிதாக ஊற்றுத் தண்ணீரோ தெரிந்தால் கை வைக்காமல் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மண்சரிவு ஆபத்தைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அந்த விஷயத்தில் அலங்காரம் பற்றிய என் ஆலோசனை எதுவும் செல்லாது.

சுவர் நடுவில், அதுவும் அலுமாரிக்குப் பின்னால் மட்டும் கறுப்புப் புள்ளிகள் வருகிறதென்றால் காரணம் வேறு. நம் மூச்சும் கேத்தலின் ஆவியும் குளிர்ந்த வெளிச்சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. காற்று ஓடாத இடத்தில் அது காய்வதில்லை. அதனால் அலுமாரியையும் கட்டிலின் தலைமாட்டையும் வெளிச்சுவரில் சாத்தாமல், இரண்டு அறைக்கும் பொதுவான உள்சுவர் பக்கம் வையுங்கள். எந்தச் சுவராக இருந்தாலும் மூன்று விரல் இடைவெளி விடுங்கள். வெயில் வந்த நேரம் எல்லா ஜன்னலையும் திறந்துவிடுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பெயின்ட்.

மெலமைன் அலுமாரியும் பழைய அலுமாரியும்

மெலமைனுக்குத் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று கடையில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் உண்மை. மேலே உள்ள வழுவழுப்பான தோலுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருப்பது மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை. ஓரத்தில் ஒட்டிய பட்டி கொஞ்சம் விட்டால் போதும், அந்த வழியாக ஈரம் ஏறிப் பலகை உப்பிவிடும். உப்பியது திரும்பச் சுருங்காது, ஸ்க்ரூவும் அதற்குப் பிறகு பிடிக்காது. கடைக்குப் போனால் கதவைத் திறந்து கண்ணாடியைப் பார்ப்பதோடு நிற்காமல் குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். நாலு ஓரமும் பட்டி ஒட்டியிருக்கிறதா, பலகை நேராகத் தரையில் நிற்கிறதா, கால் இருக்கிறதா, முதுகுப் பலகை எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். தரையிலிருந்து நாலைந்து அங்குலம் உயர்த்தும் கால்கள் இருந்து, உள்சுவர் பக்கம் வைக்க முடிந்தால் வாங்கலாம். தரையைத் துடைக்கும் தண்ணீர் ஒவ்வொரு நாளும் தொடும் அலுமாரி என்றால் வேண்டாம்.

இப்போது மாமியாரின் அலுமாரி. படத்தில் பார்த்த அளவில், நீங்கள் வெட்கப்படும் அந்தச் சாமான்தான் உங்கள் வீட்டில் உள்ள மிக நல்ல பொருள். கீழ் லாச்சியை முழுதாக வெளியே இழுத்து, பெயின்ட் படாத உள்பக்கத்தைப் பாருங்கள். மூலைகள் ஆணியில்லாமல் பல்லுப்பல்லாகக் கோத்திருந்தால் கைதேர்ந்த தச்சர் வேலை. மரம் மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தால் பலாவாக இருக்கலாம், தேக்காகவும் இருக்கலாம். தெரிந்த தச்சு பாஸ் ஒருவர் பார்த்தவுடன் சொல்வார். சின்னத் துளைகள் இருந்து கீழே மாவு மாதிரித் தூள் கொட்டியிருந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது, மருந்து அடிக்க வேண்டும். இல்லையென்றால் பழைய வார்னிஷைச் சுரண்டித் தேய்த்து, மரத்தின் நிறம் தெரிய மெல்லிய பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்து, கைபிடிகளை மாற்றினால் போதும். தேய்க்கும் வேலையை வெளியில், வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூள் பிள்ளையின் பக்கமே வரக் கூடாது. அப்புறம், இந்த அலுமாரியோ புதியதோ, உயரமான எதையும் சுவரோடு இரும்புத் தகட்டால் ஸ்க்ரூ போட்டுப் பிணைத்துவிடுங்கள். நான்கு வயதுப் பிள்ளை லாச்சியைப் படியாக்கி ஏறும்.

புதிதாக ஏதாவது மரத்தில் செய்வதென்றால் ஊர் பாஸிடமே செய்யலாம். தேக்கும் பலாவும் விலை கூட. கினிசப்பும் மகோகனியும் நல்லவை. மலையகத்தில் கிடைக்கும் கிராண்டிஸ் (ஒருவகை யூகலிப்டஸ்) கட்டுப்படியாகும். எந்த மரமானாலும் நன்றாகக் காயவைத்ததா என்பதுதான் கேள்வி. பச்சை மரத்தில் செய்தது ஆறு மாதத்தில் வளையும், வெடிக்கும்.

மாமியாரைச் ‘சமாளிப்பது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: எந்தக் கதிரையில் இருந்து எழும்புவது சுலபம் என்று. வருடக்கணக்கில் கூடையைச் சுமந்து மலையேறிய முழங்கால்கள் அவை. புதுச் செட்டிகள் பலவற்றில் இருக்கை தாழ்வு, மெத்தை உள்ளே அமிழும், ஊன்றி எழும்பக் கைபிடி கிடையாது. பழைய கதிரை பதினெட்டு அங்குல உயரம், கெட்டியான கைபிடி. பழசின் மேல் பாசம் மட்டும்தான் காரணம் என்று நீங்கள் நினைப்பதில் அவருடைய உடம்பின் தேவையும் இருக்கலாம். அந்தக் கதிரைகளுக்கு நீங்கள் விரும்பும் நிறத்தில் குஷன் தைத்துப் போடுங்கள். மொடர்ன் என்பது உங்கள் பக்கத்திலிருந்தும் வரட்டும், கதிரை அவர் பக்கத்திலிருந்து இருக்கட்டும்.

நிறமும் வெளிச்சமும்

சாம்பல் நிறம் கொழும்பு வெயிலில் குளிர்ச்சியாகத் தெரியும். மூன்று மணிக்கே மூட்டம் இறங்கும் இடத்தில் அது வீட்டை இருட்டாக்கும். வெண்ணெய் நிறம், மங்கலான மணல் நிறம், மஞ்சள் சாயல் கலந்த வெள்ளை, இவற்றில் ஒன்றை ஹோல் முழுவதற்கும் அடியுங்கள். ஆழமான நிறம் ஆசையென்றால் திரையிலும் குஷனிலும் கொண்டுவாருங்கள். கருஞ்சிவப்பும் கடும்பச்சையும் பழைய மரத்தோடு நன்றாகச் சேரும். திரைக் கம்பியை ஜன்னலுக்கு ஆறு அங்குலம் மேலேயும், இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டியும் அடித்தால், பகலில் திரை கண்ணாடியை மறைக்காது, வெளிச்சம் முழுதாக வரும், கூரையும் உயரமாகத் தெரியும். வெள்ளை வெளேரென்ற ஒற்றை பல்புக்குப் பதிலாக வோம் வைட் பல்பு போடுங்கள். தரைக்குப் பெரிய கார்ப்பட் வேண்டாம், ஈரத்தைக் குடிக்கும். துவைத்துக் காயவைக்கக்கூடிய சின்ன விரிப்பு போதும். சுவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் கண்டிப் பக்கம் போகும்போது தும்பறைப் பாய் ஒன்று வாங்கி மாட்டுங்கள். நாரில் கையால் நெய்து, மிருகமும் பறவையும் கோலமும் போட்டது. அந்த அழகு எந்த ஸ்டிக்கரிலும் கிடையாது.

தவணை, உறுதி, சுவர்

மாதம் 19,500, பன்னிரண்டு மாதம் என்றால் 234,000. கைக்காசை விட 49,000 ரூபா கூட. வெளிநாட்டு வேலையில் ஒரு மாதச் சம்பளம் தாமதித்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். தவணைக்கு எடுப்பதென்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். தாமதக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே முடித்தால் குறைப்பார்களா, கட்டி முடியும்வரை பொருள் யாருடையது என்று கேட்டு, பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாதிரிக் கொள்வனவில் கடைசித் தவணை வரை பொருள் பெரும்பாலும் கடைக்காரருக்கே சொந்தம். பற்றுச்சீட்டு இல்லாமல் எதுவும் வாங்க வேண்டாம். அதில் மரத்தின் பெயரும் உத்தரவாதக் காலமும் எழுதியிருக்க வேண்டும். தேக்கு என்று சொல்லி வேறு மரத்தைத் தந்தாலோ, பழுதான பொருளைத் தந்தாலோ, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. படம் எடுத்து வைத்துக்கொண்டு, நாள் கடத்தாமல் செய்யுங்கள்.

சுவரை உடைக்கும் யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறதா என்று தெரியாது. உறுதி கைக்கு வராத வீட்டில் அனுமதி இல்லாமல் மாற்றம் செய்தால் பிறகு கேள்வி வரலாம். வீட்டைக் கையளித்தவர்களிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். இன்னொன்று, மாமியார் மிலாறு (கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) வைத்து அடுப்பு எரிக்கிறார். சுவர் போனால் அந்தப் புகை முழுவதும் புதுச் செட்டியில்தான் படியும். உறுதி வராத காரணத்துக்காகவே சுவரோடு சேர்த்துக் கட்டும் கபினட்டுகளையும் தள்ளிவைக்கச் சொல்கிறேன். நகர்த்தக்கூடிய தளபாடம் எங்கே போனாலும் உங்களோடு வரும். சுவரில் பதித்தது சுவரோடு நிற்கும்.

கணவர் அனுப்பும் காசை இந்த ஒழுங்கில் செலவழியுங்கள். முதலில் பீலியும் கானும். அப்புறம் அலுமாரியைச் சரிசெய்வது. சுவர் காய்ந்ததும் பெயின்ட், பல்பு, திரை. பிறகு மேசை, கடைசியாகச் செட்டி. இவ்வளவும் மழை தொடங்குவதற்கு முன் முடியாது, முடிய வேண்டிய அவசியமும் இல்லை. பீலியும் கானும் மட்டும் மே மாதத்துக்கு முன் முடியட்டும். பின்சுவரின் ஈரம் மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று தெரிந்ததும், வெண்கட்டிக் கோடு போட்ட ஹோலின் படத்தோடு எழுதுங்கள். செட்டியை எந்தப் பக்கம் போடலாம் என்று அப்போது சொல்கிறேன்.